வைகாசி முகூர்த்தமும் நான்காவது ஆட்டமும்

கோரிப்பாளையம் சந்திப்புக்குச் சற்றுத் தள்ளி, விடிகாலையில் ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கி வைத்திருக்கும் டி.வி. கடை ஒன்று இருக்கிறது. வியாபாரம் பத்து மணிக்குத்தான். அதற்கு முன்னால் அங்கே நடப்பது கூடைப்பந்து. அமெரிக்காவில் இரவு ஆட்டம் தொடங்கும்போது மதுரையில் பொழுது விடிந்துகொண்டிருக்கும். அங்குள்ள தொழில்முறை லீக்கின் சீசன் அக்டோபரில் ஆரம்பித்து ஜூனில் முடிகிறது. அந்த மாதங்களில் குனிந்து ஷட்டருக்குள் நுழையும் நான்கு பேரில் நானும் ஒருவன்.

கடை பாயுடையது. பாயும் நானும் மீசைக்காரரும் கல்லூரி நாட்களில் ஒரே அணியில் ஆடியவர்கள். நாலாவது ஆள் டீச்சர். பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. மாவட்டப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவர். நான் ஓய்வு பெறும்வரை ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தகுதியில் மற்ற மூவரைவிட எனக்கு இந்த ஆட்டம் நன்றாகத் தெரியும் என்று நான் நம்பியிருந்தேன். மற்ற மூவரும் நம்பவில்லை.

மீசைக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செக்கானூரணிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அண்ணன்மார் இன்னும் வயலில் இருக்கிறார்கள். இவர் கப்பலூரில் பட்டறை போட்டு இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிறார். மீசை உதட்டு ஓரத்தில் இறங்கி, கன்னத்தில் பாதித் தூரம் ஏறி, அங்கே ஒரு வளையம் போட்டு நிற்கும். அவர் செய்யும் கேட்டுகளின் உச்சியிலும் அதே வளையம் இருக்கும். எது எதைப் பார்த்து வந்தது என்று நான் கேட்டதில்லை.

அமெரிக்க ஊர்ப் பெயர்கள் எங்கள் பேச்சில் கிடையாது. அணிகளுக்கு நாங்களே பெயர் வைத்திருந்தோம். தொழிற்சாலைகள் நிறைந்த ஊரின் அணிக்குக் கப்பலூர் என்று பெயர்; அது மீசைக்காரரின் அணி. நட்சத்திர ஆட்டக்காரர்களைக் காசை இறைத்து வாங்கிப் போட்ட அணிக்குப் பணக்காரர்கள் குடியிருக்கும் கே.கே. நகர். இன்னொரு அணியில் எவரும் பந்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் அடுத்தவருக்கே கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆசிரமம் இருக்கும் ஊர் என்பதால் அதற்கு டி. கல்லுப்பட்டி என்று பெயர் வைத்தவர் டீச்சர்.

சீசனின் முதல் ஆட்டத்தன்று ஆளுக்கொரு கணிப்பு சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சொல்வது வாட்ஸ்அப் குழுவில், சொந்தக் குரலில். கணிப்போடு, தோற்றால் என்ன செய்வேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பணம் கூடாது. "காசு வச்சா அது சூதாட்டம். எனக்கு ஹராம். என் கடைக்குள்ள அது வேணாம்," என்று பாய் முதல் வருடமே சொல்லிவிட்டார். அதனால் எங்கள் பந்தயங்கள் எல்லாம் உடம்பு, நாக்கு, பழக்கம் இவற்றின்மேல் போய் விழுந்தன.

அந்த அக்டோபரில் நான் சொன்னது: கல்லுப்பட்டி கடைசி இடத்துக்குத்தான் வரும், தவறினால், அந்த நிமிடத்திலிருந்து சீசன் முடியும்வரை கூடைப்பந்தைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். என் கணிப்புக்கு ஆறு காரணங்கள் கொடுத்தேன். செய்தி எழுதிய பழக்கம். டீச்சர், போன வருடச் சாம்பியனே மறுபடியும் இறுதிக்கு வரும், வராவிட்டால் சீசன் முடியும்வரை விசில் ஊத மாட்டேன் என்றார். பாய் சுருக்கமாக முடித்தார். "கே.கே. நகர் சாம்பியன். பைனல்ல நாலுக்குப் பூஜ்யம். தப்பினா ஒரு வருசத்துக்குச் சீனியில்லாத டீ."

மீசைக்காரர் பட்டறையிலிருந்து பேசினார். பின்னால் அரம் போடும் சத்தம் கேட்டது.

"எங்க கப்பலூரு இந்த வருசம் பைனல்ல ஆடும். ஆடலைன்னா, சீசன் முடியுற அன்னைக்கு, கடைசி ஆட்டம் முடிஞ்ச கையோட, இந்த மீசைய எடுத்துருவேன்."

இதை எங்கள் குழுவோடு நிறுத்தியிருக்கலாம். பெருமை தாங்காமல் பட்டறை ஆட்களுக்கும் பங்காளிகள் குழுவுக்கும் அனுப்பிவிட்டார்.

தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு திருமங்கலம். மாப்பிள்ளையின் அப்பா உரக்கடை வைத்திருந்தார். வைகாசிக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை, காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முகூர்த்தம். ஜாதகம் பார்த்தார்கள், மண்டபம் காலியா என்று பார்த்தார்கள், மாப்பிள்ளையின் விடுமுறையைப் பார்த்தார்கள். கூடைப்பந்து அட்டவணையைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டோம். அப்போது கப்பலூர் அணி வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்தது.

எங்களில் முதலில் தோற்றவன் நான். மாசி முடிவதற்குள்ளேயே கல்லுப்பட்டி இனி கடைசி இடத்துக்கு வரவே முடியாது என்றாகிவிட்டது. அன்று காலை நான் ஆறாவது காரணத்தைத் திரும்ப விளக்க வாயெடுத்தபோது, பாய் டி.வி. ரிமோட்டை என் பக்கம் நீட்டி, சத்தத்தைக் குறைக்கும் பொத்தானை அழுத்தினார். அதிலிருந்து மூன்றரை மாதம் நான் பேசவில்லை. கடைக்குள் அமைதி வந்ததாக மூவரும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்தது மீசைக்காரர். சித்திரையில் நாக்அவுட் தொடர்கள் தொடங்கின. ஒவ்வொரு தொடரிலும் நாலு ஆட்டம் ஜெயிக்கிற அணி மேலே போகும். கப்பலூர் முதல் தொடரிலேயே வெளியேறியது. கடைசி ஆட்டம் முடிந்தபின் அவர் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி விடு மாப்ள, முடிதானே, வளந்துரும்," என்றார் பாய்.

"வளரும். ஆனா என்னைக்கு எடுக்கணும்?"

டீச்சர் கைபேசியில் அட்டவணையைத் திறந்தார். இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம், நம் நேரப்படி வியாழன் காலை ஆறு மணி. வைகாசிக் கடைசி வியாழன். அதாவது முகூர்த்தத்தன்று. இறுதித் தொடர் நாலுக்குப் பூஜ்யம் என்று முடிந்தால் சீசன் அன்றோடு முடியும். சீசன் முடிந்த கையோடு, தாலி ஏறும் நேரத்தில், மீசையும்.

எங்கள் பக்கத்தில் ஆண் பிள்ளை மீசையை எடுப்பது பெரிய சாவுக்கு. தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவன்தான் அப்படி நிற்பான். மகள் கல்யாண மேடையில் பெண்ணைப் பெற்றவர் வழித்த முகத்தோடு நின்றால், தாம்பூலப் பை வாங்குகிற கடைசி ஆள்வரை துக்கம் விசாரித்துவிட்டுத்தான் போவான். அவர் மனைவியிடம் இதைச் சொல்ல டீச்சரை அனுப்பினோம். நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். உள்ளேயிருந்து குரல் தெளிவாகவே கேட்டது.

"கல்யாணத்தன்னைக்கு மொழுக்குன்னு நின்னா, வீட்ல யாரு செத்தான்னு கேப்பாய்ங்க. என்ன சொல்லட்டும்? அமெரிக்காவுல பந்து உள்ள விழலைன்னு சொல்லவா?"

"மதினி, அண்ணன்கிட்ட ஒரு நாள் தள்ளிப் போடச் சொல்லுங்க. நாங்க ஒத்துக்கிறோம்."

"நீங்க ஒத்துக்குவீக. பங்காளி வீட்டுல அத்தனை போன்லயும் இவரு சத்தம் இருக்கு. கட்டிலு, பீரோ எம்புட்டுக்கு எம்புட்டுன்னு கேக்குறவன்கூட, மீசை எப்பங்கிறான்."

மீசைக்காரர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "சொன்னது சொன்னதுதான்."

"வெளியில நிக்கிறவருக்கு வாய் வேற," என்றது உள்ளேயிருந்த குரல்.

இறுதித் தொடருக்கு வந்தவை கே.கே. நகரும் கல்லுப்பட்டியும். போன வருடச் சாம்பியன் அரையிறுதியிலேயே போய்விட்டதால் டீச்சரின் விசிலும் போயிற்று. பள்ளியில் கோடைக்கால முகாம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளை விசில் இல்லாமல் கட்டி மேய்க்க, அவர் நடுவரின் கைச்சைகைகளை மட்டுமே பயன்படுத்தினார். மைதானத்தின் அந்தக் கோடிக்கும் தெரிய வேண்டுமே. ஒவ்வொரு சைகையும் இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. பேசும்போதும் அந்தக் கை அடங்கவில்லை. டீ வேண்டும் என்று அவர் காட்டினால் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

முதல் ஆட்டம் கே.கே. நகர். இரண்டாவது, கே.கே. நகர். மூன்றாவதும். பாயின் கணிப்பு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தது. அவர் முகம் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருடங்களில் ஒரு கணிப்பும் பலிக்காத மனிதர். பலிக்கப் போகிற முதல் கணிப்பு இப்படியா வரவேண்டும்?

"யா அல்லா, இதுலயா என் வாக்குப் பலிக்கணும்?" என்று மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் கேட்டார்.

"நீ சொன்னாப் பலிக்காதுன்னு நம்பித்தான்டா நான் தெம்பா இருந்தேன்," என்றார் மீசைக்காரர்.

முகூர்த்தத்தன்று மீசை மிஞ்சுவதற்கு இருந்த ஒரே வழி, நான் கடைசி இடம் கொடுத்த அணி நான்காவது ஆட்டத்தில் ஜெயிப்பது. அதைப் பற்றி எனக்கு நிறைய அபிப்பிராயம் இருந்தது. ஒன்றும் சொல்ல முடியவில்லை.

திருமண மண்டபம் திருமங்கலம் சாலையில் இருந்தது. ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கியபோது பந்திக் கூடத்தில் முதல் பந்திக்கு இலை விரித்துக்கொண்டிருந்தார்கள். பாய் தண்ணீர் பாட்டில் ஒன்றில் கைபேசியைச் சாய்த்து வைத்தார். நான் அவர் பக்கத்தில். டீச்சர் பட்டுச்சேலையில், பந்திக் கூடத்துக்கும் கல்யாணக் கூடத்துக்கும் நடுவிலுள்ள வாசலில். இது முந்தின நாளே போட்ட ஏற்பாடு. பெண்ணைப் பெற்றவர் மேடையில் ஐயர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்; கைபேசியைக் கையிலெடுக்க முடியாது. பாய் ஆட்டத்தைப் பார்த்து டீச்சருக்குச் சொல்வார், டீச்சர் மேடைக்குச் சைகை காட்டுவார்.

முதல் பாதியில் கல்லுப்பட்டி பின்தங்கியிருந்தது. டீச்சர் கட்டை விரலைக் கீழே காட்டினார். மேடையில் தாம்பாளத்தை வாங்கிய கைகள் ஒரு கணம் நின்று, பிறகு வாங்கின. ஐயர் அவரைப் பார்த்து, "மனசை இங்கே வைங்கோ," என்று சொன்னதாகப் பிற்பாடு மணப்பெண் சொன்னாள்.

மாப்பிள்ளையின் அப்பா பந்தி விசாரிக்க வந்தவர் என் எதிரில் நின்றார். அவர் பார்வை வாசலில் இருந்தது.

"அந்தம்மா யாருங்க? வந்ததுலருந்து கையக் கையக் காட்டுறாங்க."

எனக்கு அன்று கூடைப்பந்தைப் பற்றிப் பேச உரிமை இல்லை. "டீச்சருங்க," என்றேன்.

"வாய் பேச வராதுங்களா?"

"வருங்க."

இதற்குமேல் உண்மையாக எதுவும் சொல்ல வழியில்லை. அவர் கேசரி வைக்கச் சொல்லிவிட்டு யோசித்தபடி போனார்.

மூன்றாவது பகுதியில் கல்லுப்பட்டி எழுந்தது. எவனும் பந்தைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஒருவன் இன்னொருவனுக்கு, இன்னொருவன் மூலைக்கு, மூலையிலிருப்பவன் மறுபடி நடுவுக்கு. கே.கே. நகர்க்காரர்கள் பந்தின் பின்னால் தலையைத் திருப்பித் திருப்பிக் களைத்தார்கள். பாட்டிலைச் சுற்றி இப்போது கூட்டம். இலையில் உட்கார்ந்திருந்த பட்டறை ஆட்கள் எழுந்து வந்துவிட்டார்கள். சாம்பார் வாளியோடு ஒருவர் பரிமாறுவதை நிறுத்திவிட்டு நின்றார். மீசை விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதவர்கள் மாப்பிள்ளை வீட்டார் மட்டும்தான்.

மேடையில் கூறைப்புடவை மாற்றி மணப்பெண் வந்து உட்கார்ந்தாள். தாலி வைத்த தட்டு ஆசீர்வாதத்துக்காகக் கூட்டத்துக்குள் சுற்றிவரத் தொடங்கியது. அட்சதை கொடுத்துக்கொண்டு போனார்கள். நாகஸ்வரக்காரர்கள் மேடையின் ஓரத்திலிருந்து கூடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் பக்கம் அவர்களுக்கு ஒரு தூண் மறைத்தது. கெட்டி மேளத்துக்கு யாராவது கையை உயர்த்துவதைக் கூடத்துப் பக்கம் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

ஆட்டம் கடைசி நிமிடத்துக்கு வந்தது. கல்லுப்பட்டி இரண்டு புள்ளி பின்னால். பந்து வழக்கம்போலக் கைமாறிக் கைமாறி, கோட்டுக்கு வெளியே நின்ற ஒருவனிடம் வந்தது. அங்கிருந்து விழுந்தால் மூன்று புள்ளி. அவன் எறிந்தான். டீச்சர் இப்போது வாசலில் நின்றபடியே பாய் பக்கம் பாதி திரும்பியிருந்தார். எறியும்போது ஒரு கை, விழுந்தால் இரண்டு கை என்ற நடுவர் விதிப்படி ஒரு கையை மூன்று விரலோடு உயர்த்தினார். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. டீச்சர் கூடத்தைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கைகளையும் மூன்று மூன்று விரலோடு, கோடைக்கால முகாமின் கடைசிப் பிள்ளைக்கும் தெரியும்படி, தலைக்குமேல் உயர்த்தினார்.

தவில்காரர் அதைப் பார்த்தார்.

கெட்டி மேளம் வெடித்தது. கூடம் முழுவதும் எழுந்து நின்று அட்சதையை எறிந்தது. மேடையில் மாப்பிள்ளை கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார். தாலித் தட்டு நாலாவது வரிசையில், ஒரு அம்மாள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்த நிலையில் நின்றது. ஐயர் தூணுக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டி ஆட்டி நிறுத்தச் சொன்னார். அதைத் தவில்காரர் இன்னும் வேகமாக என்று எடுத்துக்கொண்டார். மேடையில் ஒரே ஓர் ஆள்தான் முழு மகிழ்ச்சியாக இருந்தார். பெண்ணின் அப்பா வலது கையால் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

பந்திக் கூடத்தில் இன்னும் சில நொடி ஆட்டம் பாக்கி. கே.கே. நகர் கடைசியாக எறிந்தது வளையத்தில் பட்டுத் தெறித்தது. ஆட்டம் முடிந்தது. பாய் என்னைக் கட்டிக்கொண்டார்.

"தோத்துட்டேண்ணே! தோத்ததுக்கு இம்புட்டுச் சந்தோசப்பட்டதே இல்லண்ணே!" என்றவர், காபி ஊற்றுகிறவரைக் கூப்பிட்டார். "தம்பி, எனக்கு டீ போடு. சீனி வேணாம். இன்னைலருந்து சீனி வேணாம்."

அட்சதை தீர்ந்துவிட்டது. அரிசியும் மஞ்சளும் தேடிப் பிசைந்து இன்னொரு முறை கொடுத்தார்கள். முகூர்த்தம் முடிவதற்குள், தட்டு மேடைக்கு வந்து, ஐயர் தானே எழுந்து தூணைத் தாண்டி வந்து நின்று கையை உயர்த்த, இரண்டாவது கெட்டி மேளம் உரிய நேரத்தில் ஒலித்தது. கல்யாண ஆல்பத்தில் முதல் அட்சதைக்கும் இரண்டாவதற்கும் படங்கள் இருக்கின்றன. இரண்டிலும் மீசை இருக்கிறது. முதல் அட்சதைப் படத்தில் இன்னும் கொஞ்சம் முறுக்கேறித் தெரிகிறது.

மூன்று நாள் கழித்து, ஞாயிறு காலை ஐந்தாவது ஆட்டம். கே.கே. நகர் ஜெயித்துச் சாம்பியன் ஆனது. சீசன் முடிந்தது. கடையிலிருந்து நேராக மீசைக்காரரோடு சலூனுக்குப் போனோம். அன்று மதியம் அவர் வீட்டில் மறுவீட்டு விருந்து. சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். அவர் மனைவி தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "தாலி ஏறிருச்சு. இனி நீங்க மொட்டையே போட்டுட்டு வாங்க. வரும்போது தயிரு ஒரு லிட்டரு."

சலூன்காரர் கத்தரியை வைத்துவிட்டு மூன்று முறை "நிசமாத்தானா?" என்று கேட்டார். மீசைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தபின் அந்த முகத்தில் கல்லூரி அணியில் எங்களுக்குப் பந்தே கொடுக்காமல் ஆடிய ஒல்லிப் பையன் தெரிந்தான். சீசன் முடிந்துவிட்டதால் எனக்கு வாய் திரும்பக் கிடைத்திருந்தது. "கல்லுப்பட்டி கடைசி இடம்னு நான் சொன்னதுக்கு..." என்று ஆரம்பித்தேன். மூவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

விருந்தன்று நான் கவனித்ததை அப்படியே எழுதுகிறேன். மாப்பிள்ளையின் அப்பா காரிலிருந்து இறங்கினார். வாசலில் தயிர்த் தூக்கோடு நின்றவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "சம்பந்தி எங்க?" என்றார்.

"நான்தான்."

அவர் முகம் வெளுத்தது. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "என்ன சம்பந்தி... ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? யாரு? எப்போ?"

நாங்கள் எல்லோரும் பயந்திருந்த கேள்வி அப்படியே வந்தது. மண்டபத்தில் ஊர் முன்னால் வராமல், வீட்டு வாசலில் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். மீசைக்காரர் தயிர்த் தூக்கைக் கை மாற்றிக்கொண்டார். அவர் மனைவிதான் வந்து சொன்னார்.

"யாரும் சாகலண்ணே. இவரு அமெரிக்காவுல ஒரு டீமை நம்புனாரு. அம்புட்டுத்தான்."

உட்கார வைத்து முதலிலிருந்து சொன்னோம். மனிதர் அக்டோபர் குரல் பதிவை இரண்டு முறை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு டீச்சரைக் கண்டுபிடித்துவிட்டார். "அன்னைக்குக் கையக் காட்டுனது இதுக்காம்மா? நான் கேமராக்காரனுக்குச் சொல்றீகன்னு நெனச்சேன். அப்புறம் நீங்கதான் மேளக்காரங்களோட வாத்தியாருன்னு நெனச்சேன்." சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. மீசைக்காரர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அந்த வீட்டில் அன்று நடந்த மரியாதைப் பேச்செல்லாம் அதோடு முடிந்து, சொந்தக்காரர்கள் பேசுகிற மாதிரி பேசத் தொடங்கினார்கள்.

இந்த அக்டோபரில் எங்கள் குழுவில் ஆறு பேர். திருமங்கலத்திலிருந்து சம்பந்தி விடிகாலை பஸ் ஏறி வருகிறார். ஆட்டத்தின் விதி இன்னும் பாதிதான் தெரியும், தைரியமாகக் கணிக்கிறார். பாய் சீனியில்லாத டீக்குப் பழகிவிட்டார். மீசை வளர்ந்துவிட்டது, வளையம் மட்டும் பாக்கி. ஆறாவது ஆள் மீசைக்காரரின் மனைவி. கணவர் எதையும் பந்தயம் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் சேர்ந்ததாகச் சொன்னார். முதல் ஆட்டத்தன்று அவருடைய குரல் பதிவுதான் முதலில் வந்தது. பின்னால் குக்கர் விசில்.

"எனக்கு டீமெல்லாம் தெரியாது. இவரு எந்த டீமைச் சொல்றாரோ அது தோக்கும். தப்பினா நான் என்ன வேணா செய்யிறேன்."

இதை நான் எழுதும்போது சீசன் பாதி நடந்திருக்கிறது. மீசைக்காரர் இந்த முறையும் சொன்ன கப்பலூர் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடத்தில் எங்கள் குழுவில் சரியாகப் போய்க்கொண்டிருக்கும் கணிப்பு அது ஒன்றுதான்.